கேட்காமல் எழுதிய வரி

இல்லத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, வாசலில் தொங்கும் பலகையை நீங்கள் எல்லோரும் பாடமாக்கிவிட்டதாக அறிந்தேன். சந்தோஷம். பாடமாக்குவது சுலபம். நானும் பயிற்சிக் காலத்தில் எத்தனையோ பாடமாக்கினேன். வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே அதில் பாதியை மிதித்துக்கொண்டு நடந்தேன்.

இங்கே வசிப்பவருக்கு வரும் கடிதத்தை வேறு யாரும் பிரிக்கக்கூடாது, சம்மதம் கேட்காமல் மருந்து கொடுக்கக்கூடாது, போய்வர விரும்புகிறவரை மறிக்கக்கூடாது என்றெல்லாம் அந்தப் பலகையில் இருக்கிறது. ஐந்தாவது வரியைப் பாருங்கள். "ஒருவரைப் பற்றிப் புத்தகத்தில் எழுதுவதை அன்றைக்கே அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும்." அந்த வரியை அங்கே ஏற்றவைத்தவள் நான்தான். கெட்டித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் விட்ட பிழையின் விலை அது.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருடங்கள் இருக்கும். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போன பிறகு, அவனுடைய கணக்கு எழுதும் கிளாக்குமார் இருந்த பழைய வீடுகளில் இரண்டைச் சேர்த்து இந்த முதியோர் இல்லத்தைத் தொடங்கியிருந்தார்கள். இருபத்திரண்டு கட்டில்கள். ஊர்ப் பெரியவர்களின் சபை ஒன்று நடத்தியது. அதன் செயலாளர் தினமும் காலையில் வந்து கந்தோர் எனும் அலுவலக அறையில் இருப்பார். கிழமையில் இரண்டு நாள் அப்போதிக்கரி என்ற உதவி வைத்தியர் வந்து நோயாளரைப் பார்ப்பார். மற்ற எல்லாவற்றுக்கும், 'மிஸி' என்று எல்லோரும் கூப்பிடும் தாதி நான். திரியாயிலிருந்து வந்தவள், வயது இருபத்தாறு, தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ரிப்போட் புத்தகம். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு சாண் உயரம் கூடும்.

மீராசா அப்பாவை முதலில் சொல்லவேண்டும். கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் முப்பது வருடம் வேலை செய்தவர். இடுப்பு எலும்பு முறிந்து பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, புண் ஆறும்வரை ஒரு மாதம் என்று இங்கே கொண்டுவந்து விடப்பட்டார். அந்த ஒரு மாதம் எட்டு மாதமாகியிருந்தது. மூத்த மகன் காலமாகிவிட்டார். இளைய மகன் ஹனிபா கிண்ணியாவில் கடை வைத்திருந்தார், மாதம் ஒருமுறை வந்து பழம் தந்துவிட்டு, என்னிடம் "வாப்பா எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார். வாப்பா பக்கத்துக் கட்டிலில்தான் இருப்பார். ஆனாலும் கேள்வி எனக்குத்தான் வரும், நானும் வெட்கமில்லாமல் பதில் சொல்வேன். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போன மாதம் நான் இங்கே வந்தபோது, உங்களில் ஒரு பிள்ளை தேத்தண்ணித் தட்டோடு நின்று, கதிரையில் இருந்த அம்மாவை விட்டுவிட்டு, பார்க்க வந்த மருமகளிடம் "அம்மா சீனி போடுவாவோ?" என்று கேட்டது. பெயர் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம், மீராசா அப்பா பகல் சாப்பாட்டை வேண்டாம் என்று திருப்பி அனுப்பத் தொடங்கினார். "பசிக்கல்ல" என்பார், அவ்வளவுதான். முதல் நாள் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த ஐந்தாறு நாளும் அப்படியே. கட்டிலைத் தட்டும்போது தலையணைக்குக் கீழே பாண் துண்டும் ஈத்தம்பழமும் இருந்தன. விடிய முன்னமே எழும்பி இருட்டில் இருந்து சாப்பிடுகிறார் என்று காவலாளி சொன்னான். பொழுதுபடும் நேரம் ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்து, புளியங்கொட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணி, ஒன்றை யன்னலால் எறிந்துவிட்டுத் தனக்குள் ஏதோ சொல்வார்.

நான் புத்தகத்தை விரித்து அழகான கையெழுத்தில் எழுதினேன். "பகலில் உண்ண மறுக்கிறார். உணவைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கிறார். புளியங்கொட்டை எண்ணித் தனக்குள் பேசுகிறார். புத்தித் தடுமாற்றம்." முதல் மூன்றும் நான் கண்டவை. நாலாவது நானாகச் சேர்த்தது. கண்டதற்கும் சேர்த்ததற்கும் நடுவில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நாள்களில் நானே கந்தசஷ்டி விரதம். ஆறு நாள் பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மாலையில் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டவள், அவருடைய கட்டிலருகே நின்றுதான் அதை எழுதினேன். என்னை ஒருவரும் புத்தித் தடுமாற்றம் என்று எழுதவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஹனிபா வாடகைக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். வழக்கமான சாரம் இல்லை. வெள்ளைச் சேர்ட், புதுத் தொப்பி. நேரே கந்தோருக்குள் போனார். சிறிது நேரத்தில் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, தட்டச்சு அடித்த கடிதம் ஒன்றை நீட்டினார்.

"மிஸி, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. அப்போதிக்கரி முந்தநாளே வைச்சிட்டார்."

வாசித்தேன். மீராசா என்பவர் புத்தி தடுமாறியவர், பகலில் உண்ண மறுப்பவர், புளியங்கொட்டை எண்ணித் தனக்குள் பேசுபவர், எதற்கும் பொறுப்பாக நின்று ஒப்பமிடும் நிலையில் இல்லாதவர் என்று இருந்தது. என் வரிகள்தான், ஒழுங்காக அடுக்கப்பட்டு, இல்லத்தின் முத்திரைக்கு மேலே நின்றன.

"இது எதுக்கு, நானா?" என்று ஹனிபாவைக் கேட்டேன். அண்ணனை நானா என்பது அவர்கள் வழக்கம்.

"நானாட மகளுக்கு இண்டைக்குக் காவின், மிஸி. அஸர் தொழுகைக்குப் பிறகு. தகப்பன் மௌத்தாகிட்டார், அப்ப வாப்பாதான் வொலியா நிக்கோணும். அவர் இப்பிடி இருக்கக்குள்ள என்ன செய்ற? பதிவுகாரர் இல்லத்தில இருந்து ஒரு கடுதாசித் துண்டு கேக்கிறார். துண்டு இருந்தா நான் நிக்கலாம்."

அஸர் பின்னேரத் தொழுகை, காவின் என்பது அவர்கள் ஊரில் திருமண ஒப்பந்தம் எழுதுவது. பெண்ணுக்குப் பொறுப்பாக நின்று அவளைக் கொடுக்கிறவர் வொலி. தகப்பன் இல்லாவிட்டால் அந்த உரிமை தகப்பனின் தகப்பனுக்குப் போகிறது. அவருக்குப் புத்தி சரியில்லை என்றால் அடுத்தவருக்குப் போகும். நான் சேர்த்த அந்த இரண்டு சொற்களும் ஒரு மனிதரைத் தன் பேத்தியின் கல்யாணத்திலிருந்து எழுப்பி வெளியே அனுப்பப் போகின்றன என்று அப்போதுதான் விளங்கியது.

"அவருக்குச் சொன்னீங்களா?"

"சொல்லி என்ன, விளங்கவா போகுது?"

பேனை கையில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கையெழுத்து வைக்கத்தான் குனிந்தேன். அப்போது நான் பெரிதாக எதையும் யோசிக்கவில்லை. அவர் எட்டு மாதம் எனக்குத் தினமும் "வாங்க மகள்" என்று சொன்னவர், அவ்வளவுதான் நினைவுக்கு வந்தது. "ஒருக்கா அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டு வாறன்" என்றேன். செயலாளர் சிரித்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மீராசா அப்பா கட்டிலில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, உங்களைப் பற்றி ஒரு கடிதம். வாசிக்கட்டோ?" என்றேன். தலையாட்டினார். பகலில் உண்ண மறுப்பது என்ற இடம் வந்ததும் சிரிக்கத் தொடங்கினார். புளியங்கொட்டை வந்ததும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு டப்பாவை எடுத்து என் முன்னால் திறந்தார். உள்ளே ஐந்து கொட்டைகள்.

"மகள், போன றமழான் முழுக்க ஆஸ்பத்திரியில காய்ச்சலோட கிடந்தன். முப்பது நோன்பு போயிட்டு. இப்பதான் உடம்பில கொஞ்சம் தெம்பு. விட்டதப் பிடிக்கிறன். களா நோன்பு. எழுத்து வாசிப்புத் தெரியா, கொட்டைதான் கணக்கு. இண்டையோட அஞ்சு இரிக்கி."

"ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லயே. நோன்பு பிடிக்கிறத ஊருக்குப் பறையடிச்சா சொல்ற?"

 பக்கத்துக் கட்டில்காரர் வேறு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பேருக்குப் பொறுப்பானவள் நான், பத்தொன்பது நாளாக ஒருவருடைய நோன்பை வியாதியாக எழுதிவந்திருக்கிறேன்.

"மிச்சத்தையும் வாசிங்க" என்றார்.

வாசித்தேன். இன்றைக்குப் பேத்தியின் காவின், அதற்குத்தான் இந்தக் கடிதம் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. "றஹீமாவுக்கா? இண்டைக்கா?" என்றார்.  அவருக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூடத் தெரியாது. கொஞ்ச நேரம் டப்பாவை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தார். "மௌத்தாகக்குள்ள எண்ட மகன் கையப் பிடிச்சுச் சொன்னவன், 'புள்ளய நீங்க நிண்டு குடுங்க வாப்பா' எண்டு" என்றார். அப்போது என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கந்தோருக்குத் திரும்பி, "இதில நான் கையெழுத்து வைக்க ஏலாது" என்றேன்.

செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் கடுதாசி ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அவருக்குப் பொறுக்காது. "எழுதினது நீங்கள்தானே, மிஸி? இப்ப இல்லை எண்டால் எது பொய்? புத்தகமோ, நீங்களோ?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வி ஒருநாள் உங்களிடமும் வரும். அந்த நேரத்தில் மனம் ஆயிரம் சாட்டுத் தேடும். வேலைப்பளு, காவலாளி சொன்னான், அப்போதிக்கரியும் ஒப்பமிட்டார் என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வரும். எனக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, "புத்தகம் பிழை. பிழையாக எழுதினது நான்" என்றேன்.  வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

நல்லவேளையாக அன்று அப்போதிக்கரி வரும் நாள். பத்து மணிக்கு வந்தவரிடம் விசயத்தைச் சொன்னதும் சீறி விழுந்தார். "நான் உம்மட புத்தகத்தை நம்பித்தான் வைச்சனான்!" என்றார். பிறகு நேரே கட்டிலுக்குப் போய், இன்றைக்கு என்ன நாள், எங்கே இருக்கிறீர், என்ன வேலை செய்தீர் என்று மூன்று கேள்வி கேட்டார். மீராசா அப்பா மூன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு, "ஐயா, நான் ஒண்டு கேக்கட்டா? இதில கையெழுத்து வைக்கக்குள்ள நீங்க என்னப் பாத்தீங்களா?" என்றார்.

அப்போதிக்கரி என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்துப் பைக்குள் போட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்தத் துண்டிலும் ஆளைப் பார்க்காமல் ஒப்பமிட்டதில்லை.

ஹனிபா தூணோடு சாய்ந்து நின்றார். அவரை நீங்கள் கெட்டவர் என்று நினைக்கக்கூடாது. தகப்பனை இல்லத்தில் விட்டதை ஊருக்குச் சொல்ல வெட்கம். வைத்தியத்துக்குத் திருகோணமலையில் நிற்கிறார் என்று சொல்லி, பிறகு படுத்த படுக்கை என்று சொல்லி, பிறகு புத்தி இல்லை என்று சொல்லி, கடைசியில் தன் சொல்லை மெய்யாக்க ஒரு துண்டு தேடி வந்திருந்தார். என் வரி அவருக்கு வசதியாகக் கிடைத்துவிட்டது. "வாப்பா, ஆக்கள் என்ன கதைப்பாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கதைக்கட்டும் மகன். நான் வாறன், கார்ல இடம் இரிக்கிதானே."

செயலாளர் மழை, துறை, இடுப்பு என்று அடுக்கினார். "வழியில உங்களுக்கு ஏதும் நடந்தால்?"

"நடந்தா எனக்குத்தானே நடக்கும்" என்றார் மீராசா அப்பா. செயலாளர் போய்வரும் பதிவை எடுத்து நீட்டினார். மீராசா அப்பா அதில் பெருவிரலை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் புத்தகத்துக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

அந்த வரியை வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"வெட்டாதீங்க. வெட்டினா என்ன எழுதி இருந்த எண்டு ஆருக்கும் தெரியாமப் போயிடும். கீழ எழுதுங்க, நான் சொல்றன். 'நான் நோன்பு. எனக்கிட்டக் கேக்கல்ல.'"

அப்படியே எழுதி வாசித்துக் காட்டினேன். அதன் கீழும் பெருவிரல் வைத்தார். மையைத் துடைத்துக்கொண்டு, "மிஸியும் வரட்டும். எழுதினவ வந்து பாக்கட்டும்" என்றார். நான் போனேன்.

காவின் வீட்டுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோவேன். அடுத்த கிழமையே சபை அந்த ஐந்தாவது வரியை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு என் பாடு பெரும்பாடு. பின்னேரம் ஆனால் கதிரையைப் போட்டுக்கொண்டு வரிசையாக இருப்பார்கள், "எண்ட வரியை வாசி" என்று. குளிக்க மறுத்தார் என்று எழுதியதற்கு, சல்லி ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர், "குளிர்தண்ணியில குளிக்க மறுத்தா எண்டு எழுது. சுடுதண்ணி தந்தனியோ?" என்று என்னைத் திருத்தினார். தரவில்லைதான். அடுத்த நாள் தந்தேன், குளித்தார். ஒரு உரிமையை எப்படிப் பிரயோகிப்பது என்று அந்த அம்மாவுக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கவில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. உங்களுக்கு நேரம் போதாது என்று முறையிடுவதாகக் கேள்வி. எனக்கும் போதவில்லை. இரவுச் சாப்பாடு அரை மணி பிந்தியது, ஒருவரும் அதற்காக என்னிடம் சண்டைக்கு வரவில்லை.

கிண்ணியாத் துறையில் பாதையில் நின்ற ஆட்கள் மீராசா அப்பாவைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஊரில் அவர் புத்தி கெட்டவர் என்று கேள்விப்பட்டவர்கள். அவரோ ஏறியதும் ஏறாததுமாக, கயிறு இழுத்தது பிழை என்று ஒருவனை ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு அவர்கள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. ஹனிபா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாண வீட்டில் பதிவுகாரர் வந்து இருந்தார். வொலி ஒப்பமிட்டால் போதும், புத்தகத்தில் பெண்ணின் கையெழுத்துத் தேவையில்லை. அன்றைய நடைமுறை அது. பதிவுகாரர் பெருவிரலுக்கு மை நீட்டினார். மீராசா அப்பா கையைக் கொடுக்கவில்லை. "பொறுங்க. புள்ளக்கிட்ட ஒருக்காக் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனார். பெண்களோடு நானும் அங்கே நின்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு பேத்தியைக் காண்கிறவர், அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "றஹீமா, இந்த மாப்பிள உனக்குச் சம்மதமா? இல்லாட்டிச் சொல்லு, நான் வைக்கமாட்டன்" என்றார். அவள் தலை குனிந்தபடி, "சம்மதம் மூத்தாப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் போய் விரலை வைத்தார். புத்தி இல்லாதவர் என்று அன்று காலை நான் ஒப்பமிட இருந்த மனிதர் இவர்தான்.

பிறகு சர்பத்தும் பலகாரமும் வந்தன. மீராசா அப்பா கையால் மறித்து, "வேணாம்" என்றார். மறுபடி நீட்டினார்கள், மறுபடி மறித்தார். தட்டிலிருந்து மூன்று ஈத்தம்பழத்தை மட்டும் எடுத்து லேஞ்சிக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்தார். என் பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி மற்றவளின் காதுக்குள், "பாருங்க, சாப்பிடவும் இல்ல, எடுத்து ஒளிக்கிறார். ஹனிபா சொன்ன சரிதான் போல" என்றாள்.  என் வரி எனக்கு முன்னமே தோணியேறி இங்கே வந்து குந்தியிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் உள்ளே இருந்து றஹீமா கல்யாண உடுப்போடு எழும்பி வந்தாள். மணப்பெண் அப்படி வெளியே வருவது வழக்கமில்லை. பெண்கள் மறிக்கப் பார்த்தார்கள். அவள் அவருக்கு முன்னால் குந்தி, லேஞ்சி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூத்தாப்பா, நோன்பா?"

"ஓம் மகள். இதோட அஞ்சு இரிக்கி."

அவ்வளவுதான் கேள்வி. ஒரு மூச்சில் கேட்டுவிட்டாள். தொப்பியும் படிப்பும் புத்தகமும் வைத்திருந்த எனக்குப் பத்தொன்பது நாளாக வாயில் வராத கேள்வி. அத்தனை பேருக்கு முன்னால் நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. அவள் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மூடிவைத்துவிட்டு, பொழுதுபட்டு, நோன்பு திறக்கும் பாங்கு சொல்லும்வரை அவருக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.